பாடமாகிப்போன மனோதர்மம்

திருவனந்தபுரத்துக் கரமனையில் வாழ்ந்த நீலகண்ட சிவன் 1900-இல் மறைந்தார். கிராமபோன் கம்பெனியின் ஃப்ரெட் கைஸ்பர்க் ஒலிப்பதிவுக் கருவிகளோடு கல்கத்தாவில் வந்து இறங்கியது 1902-இல். இடையில் இரண்டே ஆண்டு. கல்கத்தாவுக்கு வந்தவர் கரமனை வரை வந்திருக்கப் போவதில்லை. வந்திருந்தாலும், அந்தத் தகரக் குழலுக்கு முன்னால் உட்கார்ந்து மூன்று நிமிஷத்தில் பாடி முடிக்கச் சிவன் சம்மதித்திருப்பாரா என்பது வேறு விஷயம். ஆனாலும் அந்த இரண்டு வருஷம் எனக்குள் அரித்துக்கொண்டேயிருக்கிறது.

1839-இல் நாகர்கோவில் வடிவீஸ்வரத்தில் பிறந்து, கரமனையில் வந்து தங்கி, தமிழில் பாடல்களாகக் கட்டிக்கொண்டே போனவர் அவர். ‘என்றைக்கு சிவ கிருபை’ என்ற முகாரியும், ‘ஆனந்த நடமாடுவார்’ என்ற பூர்விகல்யாணியும் இன்றும் கச்சேரி மேடைகளில் புழங்குகின்றன. சிறுவனாகத் திருவனந்தபுரம் வந்து சேர்ந்த ராமய்யா, பின்னாளில் பாபநாசம் சிவன் என்று அறியப்பட்டவர், இந்தப் பஜனைப் பாடல்களில் ஊறித்தான் வளர்ந்தார். ஆனால் நீலகண்ட சிவனிடமிருந்து நமக்கு என்ன மிஞ்சியிருக்கிறது? சாகித்யம் இருக்கிறது. ராகத்தின் பெயர் இருக்கிறது. பாட்டை அவர் எந்த இடத்தில் இழுத்தார், எதை வேகமாகத் தாண்டினார், எந்தச் சொல்லில் நின்று அழுதார் என்பதெல்லாம் போய்விட்டது. மனோதர்மம் காற்றோடு போக, பாடம் மட்டும் தங்கியது.

நான் கரமனையில் உட்கார்ந்து கேட்கிற இசையில் பாதிக்கு மேல் ஜாஸ். அதில் நிலைமை நேர் தலைகீழ். பாடம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. நாலு வரி மெட்டு, சில சமயம் அதுகூட இல்லை. அந்த நிமிஷத்தில் வாசிப்பவருக்குத் தோன்றியதுதான் எல்லாம். ஆனால் அந்தத் தோன்றியது பதிவாகிவிட்டது. பதிவானதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டு, இப்போது அதில் ஒரு மூச்சு இடம் மாறினால்கூட எனக்குப் பொறுக்காது. வாசித்தவருக்கு முன்கூட்டித் தெரியாத ஒன்று எனக்கு மனப்பாடம். இந்த முரண் ஜாஸ் ரசிகர்கள் எல்லோரும் அறிந்ததுதான், ஆனால் அதைப் பற்றி அவர்கள் ஏனோ அதிகம் பேசுவதில்லை. சுதந்திரம், கணத்தின் கலை, இன்று கேட்டது நாளை இல்லை என்றெல்லாம் சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போய் அறுபது வருஷத்துக்கு முந்திய அதே தட்டை எடுத்துச் சுழலவிடுகிறார்கள்.

இது ஜாஸின் தொடக்கத்திலேயே நேர்ந்துவிட்டது. 1928 ஜூனில் லூயி ஆம்ஸ்ட்ராங் ‘வெஸ்ட் எண்ட் ப்ளூஸ்’ பதிவு செய்தார். எடுத்த எடுப்பில் பக்கவாத்தியம் எதுவும் இல்லாமல் ட்ரம்பெட் மட்டும் மேலே ஏறி, ஒரு சுழல் சுழன்று இறங்குகிறது. சில நொடிகள்தான். அதற்குப் பிறகு வந்த ட்ரம்பெட்காரர்கள் அந்தச் சில நொடிகளை ஸ்வரம் ஸ்வரமாக நெட்டுருப் போட்டார்கள், நம் பிள்ளைகள் சரளிவரிசை படிப்பதுபோல. இதைவிட விசித்திரம் ஒன்று உண்டு. ஜேம்ஸ் மூடி என்ற சாக்ஸபோன்காரர் 1949-இல் ஸ்வீடனில் ஒரு பழைய காதல் பாட்டை எடுத்துத் தன் போக்கில் வாசித்துவைத்தார். அந்த வாசிப்பின் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒவ்வோர் அசையாக எட்டி ஜெஃபர்சன் வார்த்தை கட்டினார். கிங் ப்ளெஷர் அதைப் பாடி 1952-இல் தட்டு வந்தது; பெரும் வெற்றி பெற்றது. சிட்டை ஸ்வரத்துக்குச் சாகித்யம் எழுதுவது நமக்குப் பழக்கம்தான். ஆனால் சிட்டை ஸ்வரம் யோசித்து அமைத்து வைத்தது. ஒரு மனிதர் மதியச் சாப்பாட்டுக்கு முன்போ பின்போ எந்தத் திட்டமும் இல்லாமல் ஊதிய கல்பனாஸ்வரத்துக்குச் சாகித்யம் எழுதி, அதைப் பல தலைமுறைப் பாடகர்கள் வரி பிசகாமல் பாடுகிறார்கள் என்பதை எந்த வித்வானிடம் சொன்னாலும் முதலில் சிரிக்கத்தான் செய்வார்.

கர்நாடக சங்கீதக் காதோடு வளர்ந்தவனுக்கு ஜாஸில் எளிதாக நுழைய வாசல் எது என்று கேட்டால் எல்லோரும் சொல்வதையே நானும் சொல்வேன்: மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’. நியூயார்க்கில் கொலம்பியா கம்பெனியின் முப்பதாம் தெரு ஸ்டூடியோவில், முன்பு மாதாகோயிலாக இருந்த கட்டடத்தில், 1959 மார்ச் 2, ஏப்ரல் 22 என்று இரண்டே நாளில் பதிவானது. அடுக்கடுக்காக மாறும் கார்டுகளைத் துரத்திக்கொண்டு ஓடுவதை விட்டுவிட்டு ஒரே ஸ்வர வரிசையில் நிதானமாக நிற்பது என்று மைல்ஸ் முடிவு செய்திருந்தார். முதல் பாட்டான ‘ஸோ வாட்’டின் ஸ்வர வரிசையை எடுத்து ஷட்ஜம் முதல் பாடிப் பாருங்கள், அப்படியே கரகரப்ரியா. நீலகண்ட சிவனின் ‘நவசித்தி பெற்றாலும்’ இருக்கிறதே, அதே இருபத்திரண்டாவது மேளம்.

இந்த ஒற்றுமையைக் கண்டுபிடித்த உற்சாகத்தில் உலக இசை எல்லாம் ஒன்று என்று கட்டுரை எழுதிவிடலாம். பலர் எழுதியும் இருக்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஸ்வரஸ்தானம் ஒன்று, ராகம் வேறு. கரகரப்ரியாவின் காந்தாரமும் நிஷாதமும் அசையாமல் நின்றால் அது கரகரப்ரியாவே இல்லை. மைல்ஸ் அவற்றை நேராக, சற்று வறட்சியாகக்கூட, நிறுத்துகிறார். அந்த வறட்சியில்தான் அழகே. அதைவிடப் பெரிய அதிர்ச்சி பதினாறு பார் முடிந்ததும் காத்திருக்கிறது. மொத்த அமைப்பும் அரை ஸ்வரம் மேலே ஏறி, எட்டு பார் அங்கே இருந்துவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல் கீழே இறங்குகிறது. தம்புராவோடு பிறந்த காதுக்கு இது கிரஹபேதம்கூட இல்லை. ஷட்ஜத்தையே பெயர்த்து எடுத்துக்கொண்டு போவது. முதலில் கேட்டபோது காலடியில் தரை நகர்ந்தாற்போல இருந்தது. இப்போது அந்த ஏற்றத்துக்காகத்தான் காத்திருக்கிறேன்.

சுருதி என்று வந்ததால் இதையும் சொல்லிவிட வேண்டும். அந்த மார்ச் 2-ஆம் தேதி, ஒலிப்பதிவு டேப் மெஷின் கொஞ்சம் மெதுவாக ஓடியிருக்கிறது. மெதுவாக ஓடும்போது பிடித்ததைச் சரியான வேகத்தில் போட்டால் சுருதி ஏறும். ஆகவே தட்டின் முதல் பக்கத்தில் உள்ள மூன்று பாட்டும், உண்மையில் வாசித்ததைவிட அரை ஸ்வரத்துக்கும் குறைவான ஓர் ஏற்றத்தில், சற்றே விரைவாக, உலகமெங்கும் ஒலித்தன. இரண்டாம் பக்கம் சரியாக இருந்தது. கூடவே ஓடிய மாற்று மெஷினின் டேப்பை எடுத்து 1992-இல்தான் திருத்தினார்கள். முப்பத்து மூன்று வருஷம்! தட்டோடு சேர்ந்து வாசிக்க முயன்ற எத்தனையோ மாணவர்கள் தங்கள் பியானோவைச் சந்தேகித்திருப்பார்கள். இங்கே ஒரு கேள்வி எழுகிறது. அந்த முப்பத்து மூன்று வருஷம் கேட்டு உருகியவர்கள் கேட்டது எது? மைல்ஸ் வாசித்ததையா, மெஷின் வாசித்ததையா? திருத்திய பதிப்பு வந்தபோது பழைய ஆட்களில் சிலருக்கு அது தொங்கலாக, உயிர் குறைந்ததாகப் பட்டிருந்தால் அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்களுக்குப் பாடம் அது. பாடத்தில் பிழை இருந்தாலும் பாடம் பாடம்தான். நம் பஜனை மடங்களில் எழுத்துப்பிழையோடு நிலைத்துவிட்ட நாமாவளிகள் எத்தனை.

கரமனையில் ஒரு சௌகரியம், அல்லது அசௌகரியம்: யாரும் தனியாக இசை கேட்க முடியாது. அக்ரஹாரத்து வீடுகளுக்குச் சுவர் பொது. தெருவுக்கு அப்பால் களியிக்காவிளைக்குப் போகும் சாலை. அதை அகலப்படுத்திய பிறகு வண்டிச் சத்தம் குறையும் என்றார்கள், வேகம்தான் கூடியது. அந்தச் சத்தத்தை மீறிக் கேட்க நான் ஒலியைக் கூட்டினால் பக்கத்து வீட்டு மாமாவும் சேர்ந்து கேட்டாக வேண்டும். மாமா வாழ்நாள் முழுக்கப் பஜனையில் ஜால்ரா போட்டவர். பாகவதர் இல்லை, பின்பாட்டுக்காரர்கூட இல்லை, ஜால்ரா மட்டும். ஒரு நாள் சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்தபடியே கேட்டார்.

“என்னடா, கத்ரியா?”

“இல்லே மாமா, இவர் அமெரிக்காக்காரர். கோல்ட்ரேன்னு பேரு.”

சாக்ஸபோன் என்றால் தமிழனுக்கு கத்ரி கோபால்நாத்தான். 1994-இல் ‘டூயட்’ படம் வந்த பிறகு அந்த வாத்தியத்துக்கே அவர் பெயர் ஆகிவிட்டது. மாமாவின் ஊகத்தில் தப்பில்லை. கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“ஊதறவன் எங்கேயோ போறான். பியானோக்காரனும் பின்னாலேயே போறான். அந்த ஜால்ராக்காரன் ஒருத்தன்தான் ஆத்தைப் பாத்து நிக்கறான். அவனை விட்டா எல்லாருக்கும் வழி தெரியாது.”

மாமா ஜால்ரா என்றது டிரம்ஸின் வலது பக்கம் தொங்கும் பெரிய தாளத் தட்டை, ரைடு சிம்பல் என்பார்களே அதை. வாசித்தவர் எல்வின் ஜோன்ஸ். ஜாஸ் பற்றி நான் படித்திருந்த புத்தகங்கள் எல்லாம் சாக்ஸபோன்காரரைத்தான் கதாநாயகன் ஆக்கியிருந்தன. எனவே நானும் அவரைத்தான் பின்தொடர்ந்துகொண்டிருந்தேன். பஜனையில் உட்கார்ந்த காது அப்படிக் கேட்பதில்லை. அங்கே பாகவதர் மாறுவார், பாட்டு மாறும், பின்பாட்டு தப்பும். ஜால்ரா நின்றால் பஜனை நின்றது. மாமா சொன்ன பிறகு தேடிப் பார்த்தால் சரித்திரமும் அவர் பக்கம் இருந்தது. பழைய ஜாஸில் தாளம் காலால் மிதிக்கும் பெரிய டிரம்மில் இருந்தது. 1940-ஐ ஒட்டி கென்னி க்ளார்க் அதைக் காலிலிருந்து எடுத்துச் சிம்பலில் வைத்தார். கனமான மிதி போய், விடாமல் ஓடும் ஓர் ஒளிர்ந்த கோடு வந்தது. நவீன ஜாஸ் என்று நாம் சொல்வதெல்லாம் அந்தக் கோட்டின் மேல் நடக்கிறது. அதன் பிறகு எந்த ஆல்பத்தைப் போட்டாலும் முதலில் சிம்பலைத்தான் பிடித்துக்கொள்கிறேன். வழி தெரிகிறது.

இங்கிருந்து கோட்டைக்குள் நுழைந்தால் பத்மநாப சுவாமி கோவிலை ஒட்டி நவராத்திரி மண்டபம். சுவாதித் திருநாள் காலம் தொட்டு ஒன்பது நாளும் கச்சேரி. எந்த நாளுக்கு எந்தக் கிருதி என்பதுவரை விதிக்கப்பட்டது. கைதட்டக் கூடாது. பெண்கள் பாட 2006 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பாறசாலை பொன்னம்மாள் பாடி அந்தக் கதவைத் திறந்தார். கைதட்டாமல் கேட்பது என்பது வந்து உட்கார்ந்தால்தான் புரிகிற அனுபவம். ஒரு பிரமாதமான நிரவல் முடிகிறது. ஆயிரம் கை தூக்கிவிட்ட மாதிரி ஓர் அசைவு எழுந்து, எதுவும் செய்யாமல் அடங்குகிறது.

இதற்கு நேர்மாறான ஒரு சபையை நான் ஆல்பத்தில் கேட்கிறேன். நியூயார்க்கின் வில்லேஜ் வான்கார்ட், 1961 ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை. நிலவறைபோல இறங்கிப் போகிற சின்ன இடம். பில் எவன்ஸ் பியானோ, ஸ்காட் லஃபாரோ பாஸ், பால் மோட்டியன் டிரம்ஸ். மதியமும் இரவுமாக அன்று வாசித்ததிலிருந்து இரண்டு ஆல்பங்கள் வந்தன. ‘வால்ட்ஸ் ஃபார் டெபி’ அதில் ஒன்று. அதைக் கவனமாகக் கேட்டால் இசைக்குப் பின்னால் கண்ணாடிக் கோப்பைகள் இடிபடுவது கேட்கும். யாரோ பேசுகிறார்கள். ஒரு பெண் சிரிக்கிறாள், அதுவும் மிக மெல்லிய ஓர் இடத்தில். மேடையிலிருந்து சில அடி தூரத்தில் உட்கார்ந்துகொண்டு, அந்த நூற்றாண்டின் மிக நுட்பமான மூவர் வாசிப்பைக் கேட்காமல் ஏதோ ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்கிறார்கள். முன்பெல்லாம் அவர்கள்மேல் கோபம் வரும். பதினொரு நாள் கழித்து, ஜூலை 6-ஆம் தேதி, லஃபாரோ கார் விபத்தில் இறந்துபோனார், வயது இருபத்தைந்து. இது தெரிந்து கேட்கும்போது அந்தச் சிரிப்பு இன்னும் தாங்க முடியாததாக இருந்தது.

இப்போது அப்படி இல்லை. அந்தச் சிரிப்பு இருக்கிற இடம் எனக்குப் பாடமாகிவிட்டது. அது இல்லாவிட்டால் பாட்டில் ஒரு பல் விழுந்தாற்போல இருக்கும். மேலும், அன்று அதைக் கச்சேரியாகக் கேட்டவர்கள் அவர்கள்தாம். கச்சேரி என்பது நாளைக்கும் உண்டு என்ற நம்பிக்கையில் கேட்பது. நாளைக்கு உண்டு என்றால் இன்று கொஞ்சம் பேசலாம், கேன்டீனுக்குப் போய்க் காப்பி குடிக்கலாம், தனி ஆவர்த்தனத்தின்போது எழுந்து போகலாம். மார்கழி சபாக்களில் நாம் செய்வதைத்தான் அவர்கள் செய்தார்கள். விதிப்படி கைதட்டாத நவராத்திரி மண்டபத்து ஆள்போல, குரல் எழுப்பாமல், அசையாமல், பக்தியோடு கேட்கிறவன் நான்தான். ஆனால் எனக்கு முன்னால் யாரும் வாசிக்கவில்லை.

பாப் ஆல்பங்களுக்கு இந்தத் தர்மசங்கடமே இல்லை. பீட்டில்ஸ் 1966 ஆகஸ்டில் சான் ஃப்ரான்சிஸ்கோவில் வாசித்ததோடு டிக்கெட் போட்ட கச்சேரிகளை விட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு வந்த தட்டுகள் பெரும்பாலும் எந்த மேடையிலும் நடக்காத கச்சேரிகள். ஸ்டூடியோவில் வெட்டி ஒட்டித் தைத்தவை. 1969-இல் வந்த ‘அபே ரோடு’ தட்டின் இரண்டாம் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அரைகுறைப் பாட்டுகளை ஒன்றோடொன்று கோத்து ராகமாலிகை மாதிரி ஓடவிட்டு, கடைசியில் டிரம்ஸ்காரர் ரிங்கோவுக்கு ஒரு தனி. பீட்டில்ஸ் தட்டுகளிலேயே அவர் வாசித்த ஒரே தனி ஆவர்த்தனம் அதுதான், நம்மூர் கஞ்சிராக்காரருக்குக் கிடைப்பதைவிடக் குறைவான நேரம். ‘முடிவு’ என்றே அந்தப் பாட்டுக்குப் பெயர் வைத்துவிட்டு, சில நொடி மௌனத்துக்குப் பிறகு இருபத்து மூன்று நொடிக்கு ஒரு குட்டிப் பாட்டு வருகிறது. துக்கடா இல்லாமல் யாருக்கும் எழுந்து போக மனசு வராது என்பது லிவர்பூல்காரர்களுக்கும் தெரிந்திருக்கிறது. மிக நல்ல தட்டு. ஆனால் முழுக்கப் பாடம், ஆரம்பத்திலிருந்தே. மனோதர்மம் உறைந்து பாடமாகும் வேதனை அதில் கிடையாது. அதனால்தானோ என்னவோ, பாப் தட்டைக் கேட்டு நான் சந்தோஷப்படுகிறேன், ஜாஸ் தட்டைக் கேட்டுக் கவலைப்படுகிறேன்.

கவலையின் உச்சம் ‘எ லவ் சுப்ரீம்’. 1964 டிசம்பர் 9, நியூ ஜெர்சியில் ரூடி வான் கெல்டரின் ஸ்டூடியோ. கோல்ட்ரேன், மக்காய் டைனர், ஜிம்மி காரிசன், எல்வின் ஜோன்ஸ். ஒரே நாள். முப்பத்து மூன்று நிமிஷம். ஒரு காங் ஒலி. அதன் பிறகு பாஸில் நான்கே ஸ்வரம். அந்த நான்கு ஸ்வரத்தைக் கோல்ட்ரேன் எடுத்து, பன்னிரண்டு சுருதியிலும் வைத்துப் பார்க்கிறார். மண்டபத்தின் எல்லாத் தூணையும் தொட்டுவிட்டு வருபவர்போல எந்தச் சுருதியையும் விடுவதில்லை. எல்லாவற்றையும் தொட்டபிறகு வாத்தியத்தைக் கீழே வைத்து, ஆல்பத்தின் பெயரையே அந்த நான்கு ஸ்வரத்தில் சொல்ல ஆரம்பிக்கிறார். திரும்பத் திரும்ப, அதே சொல், அதே ஸ்வரம். கரமனையில் வளர்ந்தவனுக்கு இது என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். நாமாவளி.

நான்காம் பாகம் இன்னும் விநோதம். தாளம் இல்லை, எல்வின் டிம்பனியில் இடிபோல உருட்டுகிறார், அதன்மேல் சாக்ஸபோன் விருத்தம் பாடுவதுபோல நகர்கிறது. ஆல்பத்தின் உறைக்குள் கோல்ட்ரேன் எழுதிய ஒரு பிரார்த்தனைக் கவிதை அச்சாகியிருக்கிறது. அந்தக் கவிதையை வைத்துக்கொண்டு கேட்டால், சாக்ஸபோன் அதைத்தான் அசை அசையாகச் சொல்கிறது என்பது தெரியும். லூயிஸ் போர்ட்டர் என்ற ஆய்வாளர் அதை வரி வரியாகப் பொருத்திக் காட்டியிருக்கிறார். நாகஸ்வரக்காரர்கள் கீர்த்தனையின் வார்த்தை தெரிந்து ஊத வேண்டும் என்று நம் ஊரில் விடாமல் சொல்வார்கள். தெரியாதவர் ஊதினால் பதம் பிரியும் இடத்தில் மாட்டிக்கொள்வார். கோல்ட்ரேன் மாட்டவில்லை. எட்டி ஜெஃபர்சன் மனோதர்மத்துக்குச் சாகித்யம் எழுதினார். இவர் சாகித்யத்தை எழுதிவைத்துவிட்டு, கேட்பவருக்கு அது மனோதர்மமாகவே படும்படி வாசித்துவிட்டார். எது பாடம், எது தோன்றியது என்று பிரிக்கவே முடியாத ஓர் இடத்தில் தட்டு முடிகிறது.

இந்தத் தட்டைக் கேட்பது கச்சேரி கேட்பது ஆகாது என்பது எனக்கு ரொம்ப நாளாகவே தோன்றிவந்தது. கச்சேரியில் புதிதை எதிர்பார்க்கிறோம். இந்த வித்வான் இன்றைக்குத் தோடியில் என்ன செய்யப்போகிறார் என்று. பஜனையில் யாரும் புதிதை எதிர்பார்ப்பதில்லை. அதே தோடய மங்களம், அதே வரிசை, அதே இடத்தில் எழுந்து சுற்றுவது. தெரிந்ததை எல்லோருமாகச் சேர்ந்து மறுபடி சொல்வதற்காகப் போகிறோம். நூறு தடவை கேட்ட ஆல்பத்தைப் போட உட்காரும்போது எனக்கு இருக்கிற மனநிலை அதுதான். அமெரிக்காவில் சிலர் இதை இன்னும் வெளிப்படையாகவே செய்துவிட்டார்கள். கோல்ட்ரேனை 1965-இல் நேரில் கேட்டு ஆட்பட்ட ஃப்ரான்சோ கிங் சான் ஃப்ரான்சிஸ்கோவில் ஒரு சபை தொடங்கினார். 1982-இல் அது ஆப்பிரிக்க ஆர்த்தடாக்ஸ் திருச்சபையோடு இணைந்து, கோல்ட்ரேனைப் புனிதர் ஆக்கியது. ஞாயிறு வழிபாட்டில் ‘எ லவ் சுப்ரீம்’ வாசிக்கிறார்கள். கேலிக்கூத்து என்று சிரித்தவர்கள் உண்டு. கோல்ட்ரேனின் மனைவி ஆலிஸே ஒரு கட்டத்தில் அந்தச் சபைமேல் வழக்குப் போட்டார்.

ஆலிஸ் கோல்ட்ரேன் போன பாதைதான் எனக்கு எல்லாவற்றையும்விட அருகில் வருகிறது. டெட்ராய்ட்டில் 1937-இல் பிறந்து, சின்ன வயசில் மாதாகோயிலில் பியானோ வாசித்தவர். 1967 ஜூலையில் கணவர் நாற்பது வயசில் இறந்துபோனார். நான்கு குழந்தைகள், தூக்கமில்லாத ராத்திரிகள். அந்த நிலையில் அவருக்கு ஆறுதலாக வந்தவர் கோயம்புத்தூர்ப் பக்கம் செட்டிப்பாளையத்தில் 1914-இல் பிறந்த ஒரு தமிழர்: சுவாமி சச்சிதானந்தர். பத்தமடைக்காரரான ரிஷிகேசத்துச் சிவானந்தரின் சீடர். இலங்கையில் பல ஆண்டு இருந்துவிட்டு 1966-இல் நியூயார்க் போனவர். 1969 ஆகஸ்டில் வுட்ஸ்டாக் திருவிழாவைத் தொடங்கிவைத்துப் பேசியவர். அந்தக் கூட்டத்தின் நடுவே காவியோடு உட்கார்ந்திருக்கும் அவர் படத்தைப் பார்த்தவர்கள் பலர், அவர் கொங்குநாட்டுக்காரர் என்று அறிந்தவர்கள் குறைவு. ஆலிஸ் 1971-இல் அவர் பெயரிலேயே ஆல்பம் வெளியிட்டார்: ‘ஜர்னி இன் சச்சிதானந்தா’. தம்புரா மீட்ட, பாஸ் ஒரே சுழலைச் சுற்ற, ஹார்ப் மழைபோல் இறங்க, ஃபாரோ சாண்டர்ஸ் சாக்ஸபோன். அடுத்த ஆண்டு வந்த ‘வேர்ல்ட் கேலக்ஸி’யில் ஆலிஸ் ‘எ லவ் சுப்ரீம்’மைத் தம் பாணியில் செய்தபோது, அதில் சச்சிதானந்தரின் குரலே பதிவானது. கோல்ட்ரேனின் நான்கு ஸ்வரத்தோடு செட்டிப்பாளையத்துக் குரல். மேலே மேலே வயலின்களைக் கொட்டியிருக்கிறார்கள். எனக்கு அந்தப் பதிவு அவ்வளவாகப் பிடிக்காது. ஆனால் விட்டுவிடவும் முடிவதில்லை.

பிறகு ஆலிஸ் மேடையையே விட்டுவிட்டார். கலிஃபோர்னியாவில் அகூரா மலைப்பகுதியில் ஆசிரமம். எண்பதுகளில் அவர் வெளியிட்டவை எல்லாம் ஆசிரமத்துக்குள் புழங்கிய கேசட்டுகள். ‘துரியா சிங்ஸ்’ 1982-இல் வந்தது. அதுவரை பாடாதவர் அதில் பாடுகிறார், நம் நாமாவளிகளை. வுர்லிட்சர் ஆர்கன் ஒரு பக்கம், சிந்தசைஸர் ஒரு பக்கம். பின்னாளைய கேசட்டுகளில் ஆசிரமவாசிகள் சேர்ந்துகொள்கிறார்கள். கறுப்பர்களின் மாதாகோயிலில் பழகிய கைதட்டலும், பாகவதர் எடுத்துக்கொடுக்கக் கோஷ்டி வாங்கிப் பாடுகிற நம் முறையும் எந்த ஒட்டும் தெரியாமல் ஒன்றாகிவிட்டிருக்கின்றன. 2007-இல் அவர் மறைந்தார். 2017-இல் ஒரு கம்பெனி அந்தக் கேசட்டுகளிலிருந்து தேர்ந்தெடுத்து வெளியிட்டது. அடுத்த வருஷமே ஆசிரமம் காட்டுத்தீயில் எரிந்துபோனது. நீலகண்ட சிவனுக்குக் கிடைக்காத டேப் மெஷின் ஆலிஸுக்குக் கிடைத்தது என்று சொல்லலாம். மாமாவுக்கு ஒரு பாட்டைப் போட்டுக் காட்டினேன். சிந்தசைஸர் சறுக்கிக்கொண்டு மேலே போகும் இடத்தில் முகம் சுளித்தார். “எதுக்கு இந்த ஏரோப்ளேன் சத்தம்?” பிறகு கை தானாகத் தொடையில் தாளம் போட ஆரம்பித்தது. உச்சரிப்பு சுத்தம் போதாது என்றார். போதாதுதான்.

ஆனால் ஒன்று. நான் பஜனை ஆக்கிக்கொண்ட இந்தத் தட்டுகளை, வாசித்தவர்கள் பஜனையாக நடத்தவில்லை. மைல்ஸ் ‘ஸோ வாட்’டை வருஷம் ஏற ஏற வேகமாக வாசித்தார்; 1964 பிப்ரவரியில் நியூயார்க்கில் பதிவானதைக் கேட்டால் அந்தப் பழைய நிதானத்தைப் பழிவாங்குவதுபோலப் பறக்கிறது. கோல்ட்ரேன் ‘எ லவ் சுப்ரீம்’ முழுவதையும் மேடையில் மிக அரிதாகவே வாசித்தார். 1965 ஜூலையில் பிரான்ஸின் ஆன்டிப் விழாவில் வாசித்தது மட்டும்தான் வெகுகாலம் வரை வெளியே தெரிந்திருந்தது. அதற்குள் ‘அசென்ஷன்’ என்று பதினோரு பேரை வைத்துப் பெரும் கூச்சலாக வேறொன்று பதிவு செய்து முடித்திருந்தார். நாம் உட்கார்ந்து ஜபிக்கிற இடத்தில் அவர்கள் தங்கவில்லை, எழுந்து போய்விட்டார்கள்.

2021-இல் இன்னொன்று வெளிவந்தது. 1965 அக்டோபர் 2, சியாட்டிலில் பென்ட்ஹவுஸ் என்ற சின்ன இடத்தில் வாசித்தது. ஜோ பிரேசில் என்ற சாக்ஸபோன்காரர் டேப் செய்து வைத்திருந்தார். நால்வரோடு ஃபாரோ சாண்டர்ஸ், கார்லோஸ் வார்ட், இன்னொரு பாஸ் என்று கூட்டம் பெருகி, முப்பத்து மூன்று நிமிஷம் எழுபத்தைந்து நிமிஷமாக நீண்டிருக்கிறது. கோல்ட்ரேன் மைக்கிலிருந்து தள்ளி நிற்கிறார். எல்வினின் சிம்பல் எல்லோரையும் மூடுகிறது. மாமா இருந்த பக்கம் ஒலியைக் கூட்டி வைத்து முழுவதும் கேட்டேன். பிரமாதம். அந்த நான்கு ஸ்வரம் வருகிறது, ஆனால் வர வேண்டிய இடத்தில் வருவதில்லை. அடுத்து என்ன வரும் என்று தெரியாமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்து கேட்டேன். அதை இன்னும் திரும்பப் போடவில்லை.